சிஸ்டர் ஏன் எரிந்து விழுகிறார்?

வார்டில் நர்ஸ் ஒருவர் சிடுசிடுத்தால், 'குணமே அப்படி' என்று முடிவுகட்டிவிடுகிறோம். அன்றைக்கு அவர் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு படுக்கையில் டிரிப் தீர்கிறது, அடுத்ததில் மூச்சுத் திணறல், இதற்கிடையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார். உடம்பு இதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. நெருக்கடி நேர ஹார்மோன்களான அட்ரினலின் உடனேயும் கார்டிசால் சற்றுப் பின்னாலும் சுரக்கின்றன. யோசித்துப் பேச வைப்பதும் வாயை அடக்குவதும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதியின் வேலை. நிலைமை கைமீறும்போது முதலில் தளர்வது அதுதான். நைட் டியூட்டியில் தூக்கமும் கெட்டால் கேட்கவே வேண்டாம்.

பணியிட நடத்தையை ஆராய்ந்த பால் ஸ்பெக்டரும் சூசி ஃபாக்ஸும் இதை ஒரு வரிசையாக விளக்கினார்கள்: நெருக்கடி, அதனால் கோபமோ பதற்றமோ, அதிலிருந்து தீங்கான நடத்தை. அந்த நடத்தை ஜூனியரை மட்டம் தட்டுவதாக இருக்கலாம். தாமதமாக வருவதாகவோ, பார்க்காமலே சார்ட்டை நிரப்புவதாகவோ இருக்கலாம். தன் வேலை தன் கட்டுப்பாட்டில் இருப்பதாக உணர்பவரிடம் இந்தச் சங்கிலி நடுவிலேயே அறுந்துபோக வாய்ப்பு அதிகம். ஆனால் யாராவது நோயாளியை அடித்தால் அதற்கு இது சாக்காகாது.

சத்தமில்லாத நடத்தையும் உண்டு. லண்டன் மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்து இசபெல் மென்சீஸ் 1960-இல் எழுதியதில், நர்ஸ்கள் நோயாளியைப் பெயர் சொல்லாமல் '10-ஆம் படுக்கைக் கல்லீரல்' என்று குறிப்பிட்டது பதிவாகியிருக்கிறது. வலியையும் சாவையும் தினமும் பார்ப்பவர்கள் மனதைக் காத்துக்கொள்ளும் வழி அது; மருத்துவமனையின் நடைமுறைகளே அதற்கு வழிவிட்டன.

சரி, மருந்து என்ன? மூச்சுப் பயிற்சி வகுப்பு என்று நிர்வாகங்கள் சொல்லும், செலவு குறைவல்லவா! அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஐக்கன் குழு 2002-இல் வேறொரு கணக்கை வைத்தது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போது, அவர் மனம் சோர்ந்து வெறுத்துப்போவதற்கான சாத்தியம் 23 சதவீதமும், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறப்பதற்கான சாத்தியம் 7 சதவீதமும் கூடியிருந்தன. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் வகுப்பு எடுப்பதால் நோயாளிகளின் எண்ணிக்கை குறையாதே.

கலிஃபோர்னியா 2004-இல் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டியது: ஐசியுவில் நர்ஸுக்கு 2 பேர், பொது வார்டில் முதலில் 6 பேர், மறு ஆண்டு முதல் 5 பேர். ஒருவர் சாப்பிடப் போனாலும் வரம்பு மாறாது; அவருடைய நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு நர்ஸ் வந்து நிற்க வேண்டும்.