கொத்மலையில் கடல் ஏறினால்

வெள்ளவத்தையில் பெரியப்பா வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கியபோது, துணியில் ஒட்டி மடித்த பழைய ஓரங்குல நிலப்படம் ஒன்று அகப்பட்டது. கொத்மலை ஓயாப் பள்ளத்தாக்கு. நிலத்தில் ஒரு மைல், தாளில் ஓர் அங்குலம். அதாவது 63,360 மடங்கு சுருக்கம். தாள் நிறைய நெளிகோடுகள். “அப்பப்பா, இதென்ன இடியப்பமா?” என்றாள் பேத்தி.

அந்த இடியப்பத்தைப் பிரித்தறியக் கடற்கரைக்குப் போனால் போதும். தண்டவாளத்துக்கு அப்பால் அலை வந்து தொடும் விளிம்புதான் பூச்சிய உயரம் என்று வையுங்கள். இப்போது கடல் 100 அடி ஏறுகிறது. (வெள்ளவத்தை போய்விடும், பரவாயில்லை.) தீவைச் சுற்றிப் புதிய கரை ஒன்று விழும். அதுதான் 100 அடிச் சமவுயரக்கோடு. இன்னும் 100 அடி ஏறினால் அடுத்த கோடு. செங்குத்துச் சரிவில் நீர் மேலே ஏறுமே தவிர உள்ளே அதிகம் நகராது. அங்கே கோடுகள் நெருங்கிக் கிடக்கும். தட்டையான வயல்வெளியில் விலகி ஓடும். ஆற்றுப் பள்ளம் வழியே மட்டும் நீர் உள்ளே புகுந்துவிடும். அதனால் ஆற்றைக் கடக்கும் இடத்தில் ஒவ்வொரு கோடும் கூர்முனையாக நீளும். அந்த முனை காட்டுவது ஆற்றின் தலைப்பக்கம்; அம்புக்குறியே வேண்டாம். தலவாக்கலைப் பக்கம் சென் கிளையர் நீர்வீழ்ச்சி சுமார் 265 அடி. அங்கே இரண்டு மூன்று கோடுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஆற்றைத் தாண்டும்.

இத்தனை மலையையும் யார் ஏறி அளந்தது? முழுக்க ஏறவில்லை. ஒரு மைல் தள்ளியுள்ள உச்சி 10 பாகை உயரத்தில் தெரிந்தால், 5,280 அடியை 0.176ஆல் (10 பாகையின் தாஞ்சன் பெறுமானம்) பெருக்குங்கள்: அளப்பவர் நிற்கும் இடத்தைவிட ஏறத்தாழ 930 அடி உயரம். அப்படி அளந்த புள்ளிகளுக்கு இடையிலான நெளிவுகளை நிலத்தைப் பார்த்துப் பார்த்தே வரைந்தார்கள். நல்ல அளவையாளரின் கை தெரிவது அங்கேதான் என்பேன்.

சரி, கடல் ஏறாது. ஆனால் கொத்மலையில் நீர் உண்மையாகவே ஏறியது. 1985இல் திறக்கப்பட்ட அணைக்கட்டின் முழுக் கொள்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 703 மீற்றர். அடியில் சொன்னால் சுமார் 2,306. பெரியப்பா பென்சிலை எடுத்து 2,300 அடிக் கோட்டை அணை இருக்கும் இடத்திலிருந்து மெல்லத் தொடர்ந்தார். பேத்தியின் ஃபோனில் இருந்த செய்மதிப் படத்து ஏரியின் உருவம் கிட்டத்தட்ட அப்படியே தாளில் வந்தது. கோட்டுக்குள்ளே வயல்கள், ஊர்ப்பெயர்கள்.

கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது, ஏரியில் மூழ்கிய கடதொர விகாரையின் இடிபாடுகள் தலைகாட்டும். அப்போது கரைச் சரிவைப் பாருங்கள்: நீர் நின்று நின்று இறங்கிய தடங்கள், வெறும் மண்ணில், ஒன்றன்கீழ் ஒன்றாக நெளிந்து கிடக்கும்.