பாதியில் நிற்கும் கைப்பிரதிகள்

பதிப்பாசிரியராக வேலை பார்க்கும் இந்த 20 ஆண்டுகளில், என் மேசைக்கு வந்த கைப்பிரதிகளைவிட வராமலே போன கைப்பிரதிகளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். "பாதி எழுதி வைத்திருக்கிறேன், முடித்ததும் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிச் சென்றவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. அவர்களில் சிலருடைய முதல் அத்தியாயங்களை நான் படித்திருக்கிறேன். அவற்றில் உயிர் இருந்தது. எழுதும்போது வரும் சோர்வு எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்லாததால், தமக்கு எழுத்து வராது என்பதற்கு அதையே சான்றாக எடுத்துக்கொண்டு அவர்கள் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். அந்தச் சோர்வைப் பற்றி, நான் பார்த்த அளவில், சொல்ல வேண்டியதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நாவல் எழுதுபவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு முடிந்த இடத்தில் நிற்கிறார்கள். தொடக்கத்தில் கதை மனத்துக்குள் முழுமையாக, குறையேதும் இல்லாத ஒரு தோற்றமாக இருக்கிறது. எழுத எழுத ஒவ்வொரு வாக்கியமும் அந்தத் தோற்றத்திலிருந்து எதையோ இழந்துதான் தாளுக்கு வருகிறது. நூறு பக்கத்தைத் தாண்டும்போது, மனத்தில் இருந்த நாவல் மங்கிப்போய், தாளில் இருக்கும் நாவல் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அது பிடிக்காமலும் இருக்கும். அப்போது எழும் வெறுப்பைத் திறமையின்மை என்று படித்துக்கொள்வது பெரிய தவறு. நிறைய வாசித்தவருக்குத்தான் இந்த வெறுப்பு வருகிறது, ஏனென்றால் அவருடைய ரசனை கையைவிடப் பல ஆண்டுகள் முன்னால் போய்விட்டது. தம் வாக்கியத்தில் எங்கே பொய் ஒலிக்கிறது என்பது அவர் காதுக்குக் கேட்கிறது. அதைச் சரிசெய்யும் வழி கைக்கு இன்னும் பழகவில்லை. அந்தக் காது இருப்பதே பெரிய சொத்து என்று, சோர்ந்து வந்து உட்காரும் ஒவ்வொருவரிடமும் நான் சொல்வதுண்டு.

பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் 1851-இல் தொடங்கிய 'மேடம் பொவாரி' நாவலை முடிக்க ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்தில் அவர் எழுதிய கடிதங்களில், ஒரு பக்கத்துக்காக நாட்கணக்கில் போராடியதைப் பற்றிய புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது. காஃப்கா தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் எழுதியவர். எழுத முடியாமல் போன நாட்களைப் பற்றிய குறிப்புகள் அவருடைய நாட்குறிப்பு நெடுகக் கிடக்கின்றன. அதே மனிதர்தான் 1912 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு 10 மணிக்கு உட்கார்ந்து, மறுநாள் காலை 6 மணிக்குள் ஒரு கதையை ஒரே மூச்சில் எழுதி முடித்தார். அப்படிப்பட்ட இரவு எல்லோருக்கும் வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் வந்தவர்களுக்கு அது எழுதாமல் இருந்தபோது வரவில்லை. வறண்ட நாட்களிலும் மேசையை விட்டு எழாமல் இருந்ததற்கு நடுவில்தான் வந்தது.

இந்த உழைப்பு உண்மையில் எப்படி நடக்கிறது என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பணி ஓய்வு பெற்ற ஒருவர் 14 பக்கச் சிறுகதை ஒன்றைக் கொடுத்தார். அதில் "அப்பா இறந்த பிறகு வீடு முழுவதும் துக்கம் கனத்துக் கிடந்தது" என்று ஒரு வாக்கியம் இருந்தது. நான் அதன் அடியில் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் "இதை யார் பார்க்கிறார்கள்?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வரைவில் அந்த வாக்கியம் "அம்மா எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாள்" என்று மாறியிருந்தது. அதற்கடுத்த வரைவில் "அம்மா அப்பாவின் மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்" என்று வந்தது. 7 வாரங்கள் கழித்து அவர் கொண்டு வந்த வாக்கியம் இது: "அம்மா அப்பாவின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, அன்றைய செய்தித்தாளின் மேல் வைத்தாள்." 'அழுதாள்' என்ற ஒரு சொல்லை எடுப்பதற்கு மட்டும் 2 வாரம் பிடித்ததாகச் சொன்னார். அது போன பிறகு, அதைத் தொடர்ந்து துக்கத்தை விளக்கிக்கொண்டிருந்த பத்திகள் தேவையற்றுப் போயின. அவரே அவற்றை வெட்டிவிட்டார். 14 பக்கக் கதை 11 பக்கமாகியிருந்தது.

வெளியிலிருந்து வரும் ஏமாற்றங்கள் வேறு வகை. நிராகரிப்புக் கடிதம் எழுத்தின் மதிப்பைச் சொல்கிறது என்று பலர் நம்புகிறார்கள். ஒரு பிரதியை நாங்கள் திருப்பி அனுப்புவதற்கு, அந்த ஆண்டுக்கான நூல்கள் முடிவாகிவிட்டது, அதே பொருளில் வேறொரு பிரதி ஏற்கெனவே கையில் இருப்பது, இந்த வகை நூலை விற்கும் வழி எங்களுக்குத் தெரியாதது என்று பிரதியோடு தொடர்பில்லாத காரணங்கள் பல உண்டு. அவற்றை நாங்கள் எழுத்தாளரிடம் விளக்குவதும் அரிது. பதிலே சொல்லாமல் இருப்பது அதைவிடக் கொடியது, அந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். இந்த மௌனத்தால் மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான், பணம் கட்டினால் நூலாக்கித் தருகிறோம் என்று சொல்பவர்கள் வந்து சேர்கிறார்கள். சொந்தச் செலவில் நூல் வெளியிடுவது குற்றமில்லை. பிரதியைச் செம்மைப்படுத்துபவர் யார், எத்தனை படிகள் அச்சாகும், விற்பனையாகாத படிகள் யாரிடம் இருக்கும், பதிப்புரிமை யார் பெயரில் இருக்கும் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கொடுப்பதுதான் ஆபத்து. பிரதியைப் படிக்காமலேயே பாராட்டுபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

1886-இல் மறைந்த எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1800 கவிதைகளை விட்டுச்சென்றார். அவர் உயிரோடு இருந்தபோது அச்சேறியவை சுமார் 10 மட்டுமே. இறந்த பிறகு கிடைக்கும் புகழால் எழுதியவருக்கு எந்தப் பயனும் இல்லை, ஆகவே இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அங்கீகாரமும் எழுத்தின் தரமும் தனித்தனிக் கணக்குகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். 1986-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர், தம் மாணவி ஒருவருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். தங்களைக் காயப்படுத்திய நிகழ்ச்சியையும் அதைப் பற்றிய உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதிய உடனே முன்னைவிட மனம் கனத்ததாக உணர்ந்தார்கள். அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரைத் தேடிச் சென்றது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. மனத்தில் உள்ளதைக் கொட்டி எழுதுவதற்கும் அதை ஒரு கதையாக ஆக்குவதற்கும் பெரிய தூரம் உண்டு, ஆனாலும் எழுத்தாளர் அந்த முதல் கனத்தைத் தாங்கித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. தாங்குவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. வாரக்கணக்கில் தூக்கம் கெடுவது, எழுத்தில் மட்டுமல்லாமல் எதிலுமே நாட்டம் இல்லாமல் போவது, வாழ்வதே வீண் என்று தோன்றுவது ஆகியவை எழுத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவை மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. துன்பப்பட்டால்தான் நல்ல எழுத்து வரும் என்ற பேச்சு பல நல்ல மனிதர்களை உதவி கேட்கவிடாமல் தடுத்திருக்கிறது. என்னிடம் வந்தவர்களில் உடல்நலமும் மனநலமும் தேறிய பிறகு எழுத்து நின்றுபோனவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

பிறகு எதற்காக எழுத வேண்டும் என்று கேட்டால், நான் அந்த மூக்குக் கண்ணாடி வாக்கியத்துக்கே திரும்புகிறேன். அதைக் கொண்டு வந்த அன்று அவர் சொன்னார்: "சார், அம்மா அப்படிச் செய்ததை நான் அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எழுதும்போதுதான் அது எனக்குத் தெரிந்தது." பல ஆண்டுகளாகத் தம் தாயை உணர்ச்சி இல்லாதவள் என்று நினைத்து வந்ததாகவும், 7 வாரம் அந்த ஒரு வாக்கியத்தோடு இருந்ததில் அந்த எண்ணம் போய்விட்டதாகவும் சொன்னார். எழுத்துக்காக நெடுநேரம் ஒன்றையே உற்றுப் பார்க்கும் பழக்கம் எழுதாத நேரத்திலும் கூடவே வருகிறது. எதிரில் இருப்பவர் சொல்லாமல் விடுவது காதில் விழத் தொடங்குகிறது. பிறருடைய நூலைப் படிக்கும்போதும், ஒரு பத்தி எங்கே முடிய வேண்டும் என்று அதை எழுதியவர் தயங்கிய இடம் தெரிகிறது, அந்தத் தயக்கத்தின் மீது மரியாதை வருகிறது.

அந்தக் கதையை 2 இதழ்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவதாக ஒரு சிற்றிதழ் வெளியிட்டது. சன்மானம் இல்லை, விருதும் இல்லை. சில வாரங்கள் கழித்து இதழ் அலுவலகம் வழியாக அவருக்கு ஒரு கடிதம் வந்தது. கணவரை இழந்த ஒரு பெண்மணி எழுதியிருந்தார். கணவர் போன பிறகு 11 மாதங்கள் செய்தித்தாளை நிறுத்தாமல் வாங்கிக்கொண்டிருந்ததாகவும், படிக்காத தாளை ஏன் வாங்குகிறாய் என்று பிள்ளைகள் கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை என்றும், இப்போது இந்தக் கதையை அவர்களிடம் கொடுத்திருப்பதாகவும் அதில் இருந்தது.

அவர் அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டக் கொண்டு வந்தபோது, கூடவே அடுத்த கதையின் கைப்பிரதியும் இருந்தது. முதல் பக்கத்தைப் புரட்டினேன். மூன்றாவது வாக்கியத்தின் அடியில் அவரே பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தார்.