பிரசவக் காய்ச்சல் ஏன் கண்ணில் படாமல் போகிறது?

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்த பிறகு, கருப்பையின் உட்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் புண் மிஞ்சுகிறது. சற்றுமுன்வரை அந்தக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்ந்துகொண்டிருந்தது. கருப்பை இறுகச் சுருங்கி இரத்தக் குழாய்களை நெரித்து அடைக்கிறது. ஆனால் புண் ஆறவில்லை. உறைந்த இரத்தமும் சிதைந்த திசுவும் கிடக்கும் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஒரே வழி, இன்னும் சரியாக மூடாத கருப்பை வாய். பழைய பேச்சில் பிரசவ ஜன்னி என்று அஞ்சப்பட்ட காய்ச்சல் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

கிருமிகள் இரண்டு வகையில் வருகின்றன. தாயின் குடலிலும் பிறப்புப் பாதையிலும் எப்போதும் இருக்கும் ஈ.கோலை போன்றவை, பனிக்குடம் உடைந்து நேரமாக ஆக மேலேறும். ஒவ்வொரு உள்பரிசோதனையும் அவற்றைக் கூடவே தள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் வலி வலுத்த பிறகும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதித்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டாவது வகை, பிறர் கையிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வரும் ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இது அரிது, ஆனால் சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கக்கூடியது.

கையின் பங்கு வியன்னாவில் தெரியவந்தது. அங்கிருந்த பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் பயின்ற முதற்பிரிவில் 1846-இல் நூற்றுக்கு 11 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாவதில் 3 பேருக்கும் குறைவு. பிணப் பரிசோதனை முடித்து நேரே பிரசவ அறைக்கு வந்த கைகளே காரணம் என்று உணர்ந்த அந்தப் பிரிவின் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், 1847 மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆண்டு அக்டோபரில் நடந்தது. கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்த ஒரு பெண்ணை முதல் கட்டிலில் கிடத்தி, பரிசோதனையை அவரிடமிருந்து தொடங்கினார்கள். அவரோடு பரிசோதிக்கப்பட்ட 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். வார்டுக்குள் நுழையும்போது கழுவினால் போதாது, ஒவ்வொரு தாய்க்கும் இடையில் கழுவவேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்றைய அளவு: சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கரைசல் என்றால் 20 முதல் 30 விநாடி. கையுறை போட்டாலும் இது குறையாது.

கை சுத்தமாக இருந்தும் சில தொற்றுகள் வரத்தான் செய்யும். அங்கே உயிரைத் தீர்மானிப்பது, எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பது. சிக்கல் என்னவென்றால், பிரசவமே நோயைப்போல வேடம் போடுகிறது. கர்ப்பத்தில் நாடித்துடிப்பு இயல்பாகவே 10 முதல் 20 வரை கூடியிருக்கும். பிரசவ நேரத்தில் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 25,000 வரை ஏறலாம். ஆகவே நாடி 115 என்றால் ‘வலியில் களைத்திருக்கிறார்’ என்று தோன்றும். சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியாட்டினின் கர்ப்பத்தில் இரத்தத்தில் குறைந்திருக்கவேண்டும், 1.1 என்ற எண் ஆய்வக அச்சில் இயல்பாகத் தெரிந்தாலும், பிரசவித்த தாய்க்கு அது சிறுநீரகம் தடுமாறுவதன் அடையாளம். இளம் உடலின் இரத்தக் குழாய்கள் இறுகி இரத்த அழுத்தத்தை வெகுநேரம் தாங்கிப் பிடிக்கும். அது சரியும்போது நிறைய நேரம் கைநழுவியிருக்கும்.

இத்தனை குழப்பத்திலும் பெரிதாக ஏமாற்றாத ஒன்று மூச்சு. கர்ப்பத்தில் ஒவ்வொரு மூச்சும் ஆழமாகிறதே தவிர, எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. தொற்றுக்கு எதிரான உடலின் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளையே கெடுக்கும் நிலை செப்சிஸ். அதில் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் சேர, அதை ஈடுகட்ட உடல் கரியமில வாயுவை வேகமாக வெளியேற்றுகிறது. ஓய்வாகப் படுத்திருப்பவருக்கு நிமிடத்துக்கு 25 மூச்சு என்றால் அது அபாயம். ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். எண்ணாமலே 18 அல்லது 20 என்று நிரப்பிய அட்டை, எழுதாத அட்டையைவிட ஆபத்தானது. ‘ஏ’ பிரிவு தொற்றில் காய்ச்சலும் துர்நாற்றமும் இல்லாமலே தாங்கமுடியாத வயிற்றுவலியும் வாந்திபேதியும் வரலாம்; சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டு இழந்த உயிர்கள் உண்டு.

சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி. கிருமியை வளர்த்துக் கண்டறியும் இரத்தக் கல்ச்சருக்கு மாதிரியை முதலில் எடுப்பது நல்லது, அதற்காக மருந்து காத்திருக்கக்கூடாது. பிரசவத்துக்குப் பிந்திய கருப்பைத் தொற்றுக்குக் கிளின்டமைசினும் ஜென்டாமைசினும் சேர்த்துத் தருவது வழக்கம். கிளின்டமைசினுக்கு இன்னொரு பலன்: பெனிசிலின் பெருகும் கிருமியின் சுவரைத்தான் உடைக்கும், கூட்டம் அடர்ந்து பெருக்கம் நின்றால் அதன் வேகம் குறையும். கிளின்டமைசின் புரத உற்பத்தியையே நிறுத்துவதால் நஞ்சு சுரப்பதும் அடங்குகிறது. சலைனை 500 மில்லி அளவாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் நுரையீரலைக் கேட்டுப் பார்க்கவேண்டும். இந்தத் தாய்மாருக்கு நுரையீரலில் நீர் கோப்பது எளிது. உள்ளே நஞ்சுக்கொடித் துணுக்கு இருந்தால் அதை எடுத்தே ஆகவேண்டும், இரத்த ஓட்டமில்லாத திசுவுக்குள் மருந்து போய்ச் சேராது. திரவம், மருந்து, தொற்றின் மூலத்தை அகற்றல், உயர் மருத்துவமனைக்கு மாற்றுதல், கண்காணிப்பு என இவற்றை ஒரே தொகுப்பாக்கி, கைச்சுத்தத்தோடு மலாவி, உகாண்டா மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வில் கடுமையான தொற்றுப் பாதிப்புகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

தடுப்பிலும் புதுச் செய்தி உண்டு. சிசேரியனுக்குக் கத்தி வைக்கும் முன்பே ஒரு வேளை ஆன்டிபயாடிக் தருவது ஏற்கெனவே நிலைத்த முறை. சுகப்பிரசவத்துக்கு, இந்தியா உட்பட 7 நாடுகளில் 29,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, வலியின்போது அசித்ரோமைசின் 2 கிராம் ஒரே வேளை கொடுத்துப் பார்த்தது. செப்சிஸ் அல்லது மரணம் 2.4 சதவீதத்திலிருந்து 1.6 ஆனது. பிறந்த குழந்தைகளின் செப்சிஸ் மட்டும் குறையவில்லை. கோடிக்கணக்கான தாய்மாருக்கு இதைக் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பணியாமல் போகுமா என்பதைத் தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கவேண்டும்.