‘இயேசு பிள்ளை அழக்கூடாது’ என்று சொல்லாதீர்கள்: ஞாயிறு பள்ளியில் சந்தோஷத்தைக் கற்பிப்பது

மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் எடுக்கும் பாடங்களில், ‘சந்தோஷம்’ பற்றிய பாடம்தான் மிகவும் எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டு ஆக்‌ஷன் பாட்டு, சிரித்த முகம் வரைந்த மஞ்சள் வட்டம், பிலிப்பியர் 4:4 மனப்பாடம், கடைசியில் ஒரு சாக்லேட். வகுப்பு கலகலப்பாக முடிந்துவிடும். ஆனால் முந்தைய இரவு அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டதைப் பார்த்த பிள்ளையும், போன வாரம் தாத்தாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த பிள்ளையும், டீச்சரிடம் எதையோ சொல்ல நினைத்துச் சொல்லாமல் நிற்கும் பிள்ளையும் அதே பாயில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘இயேசப்பாவுக்குச் சிரிக்கிற பிள்ளையைத்தான் பிடிக்கும்’ என்று அவர்கள் புரிந்துகொண்டு போவார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கக்கூட வேண்டாம்.

சிரி என்றால் சிறு பிள்ளை சிரித்துவிடும். சந்தோஷப்படு என்றால் அதனால் முடியாது, பெரியவர்களாலும் முடியாது. எதையோ கண்டு, கேட்டு, பெற்றுத்தான் சந்தோஷம் வருகிறது. ஆகவே எதைக் கண்டு சந்தோஷப்படலாம் என்று காட்டுவதுதான் இந்தப் பாடத்தின் வேலை. அதைத் தொடங்க லூக்கா 15-ஐப் போல ஓர் இடம் இல்லை. நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போக, மேய்ப்பன் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் உவமை அங்கே இருக்கிறது. அந்த உவமையில் முதலில் சந்தோஷப்படுவது ஆடு இல்லை, மேய்ப்பன். தன்னைக் கண்டு கடவுள் சந்தோஷப்படுகிறார் என்று ஒரு பிள்ளைக்குப் புரிந்துவிட்டால், மீதியைக் கற்பிப்பது சுலபம்.

காணாமற்போன ஆடு: 40 நிமிட வகுப்பு

மூன்றிலிருந்து ஆறு வயதுள்ள 12 முதல் 15 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரே இருந்தால் தேடும் விளையாட்டின்போது பிள்ளைகள் வாசலைத் தாண்டிவிடுவார்கள். இரண்டாவது ஆள் கதவருகே இருக்க வேண்டும்.

ஒரு முழு சார்ட் பேப்பரில் 10 வரிசை, வரிசைக்கு 10 என நூறு சிறு வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு கால் போடுங்கள். ஒரு வட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து ஓட்டையாக விடுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு ‘நூறு’, ‘தொண்ணூற்றொன்பது’ இரண்டும் வெறும் சத்தம்தான். ஓட்டை அப்படியில்லை, கண்ணுக்குத் தெரியும். ‘இங்க ஒண்ணு இல்லையே!’ என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பிறகு கெட்டி அட்டையில் கையகல ஆடு ஒன்றை வெட்டி, பஞ்சு ஒட்டி, அவர்கள் வருவதற்கு முன்பே அறையில் ஒளித்துவையுங்கள். பிள்ளைகளின் மார்பளவு உயரத்துக்கு மேல் வேண்டாம், பெஞ்சு மேல் ஏறுவார்கள். ஆட்டின் வால் கொஞ்சம் வெளியே தெரியட்டும்.

முதல் ஐந்து நிமிடம் வரவேற்புக்கு. சிரிப்பு, அழுகை, கோபம், பயம் என நான்கு முகப் படங்களைச் சுவரில் ஒட்டிவைத்து, உள்ளே வரும்போது இன்றைக்கு எது தன்னுடைய முகம் என்று ஒவ்வொரு பிள்ளையும் தொட்டுக் காட்டட்டும். அழுகை முகத்தைத் தொட்டால், ‘சரிடா, வா, உக்காரு’ என்பது போதும். ஏன் என்று எல்லார் முன்பும் கேட்க வேண்டாம். வகுப்பு முடிவில் ‘இப்போ சிரிப்பு முகத்துக்கு மாறிட்டீங்களா?’ என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி நான்கு முகங்களையும் பொய்யாக்கிவிடும்.

கதைக்கு ஏழு நிமிடம். வேதாகமத்தை மடியில் திறந்து வைத்துச் சொல்லுங்கள். கதை எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் பார்க்கட்டும். மேய்ப்பன் தேடும் இடத்தில் அவசரப்படாதீர்கள். பாறைக்குப் பின்னால் பார்த்தார், இல்லை. முள்ளுச்செடிக்குள் பார்த்தார், இல்லை. அங்கே கதையை நிறுத்தி, ‘நாமளும் தேடலாமா?’ என்று எல்லாரையும் எழுப்புங்கள். தேடுவது மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் சின்னப் பிள்ளைகள் சலித்துப்போவார்கள்; அதற்குள் கிடைக்காவிட்டால் டீச்சரின் கண் அந்தப் பக்கம் போகட்டும். ஆடு கிடைத்ததும், கண்டுபிடித்த பிள்ளை அதைத் தோளில் வைத்து ஒரு சுற்று வரட்டும். மற்றவர்கள் கைதட்டட்டும். பின்பு ஆடு அடுத்த பிள்ளையின் தோளுக்குப் போக வேண்டும், அப்படியே எல்லாருக்கும். பதினைந்து பேருக்கும் முறை வர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். நேரமில்லை என்று பலர் வெட்டிவிடுவது இந்த இடத்தைத்தான். வெட்ட வேண்டுமானால் பாட்டை வெட்டுங்கள். ‘கண்டுபிடித்தபின்பு, அவன் சந்தோஷத்தோடே அதைத் தன் தோள்களின்மேல் போட்டுக்கொண்டு’ என்ற ஐந்தாம் வசனத்தை அவர்கள் உடம்பால் கற்பது அப்போதுதான்.

கண்டுபிடித்த பிள்ளைக்குப் பரிசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் அது ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். பதினான்கு பேர் தோற்றுப்போவார்கள். ‘என்னோடுகூடச் சந்தோஷப்படுங்கள்’ என்று மேய்ப்பன் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடும் கதைக்கு இதைவிட எதிரானது எதுவும் இல்லை.

கதை சொல்லும்போது மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, ‘அந்த ஆடு சொல்பேச்சு கேட்காம ஓடிப்போச்சு’ என்று சேர்ப்பது. லூக்காவில் அப்படி இல்லை. ஒன்று காணாமற்போனது, அவ்வளவுதான். இந்த ஒரு வரியைச் சேர்த்ததும் சந்தோஷத்தின் கதை ஒழுக்கப் பாடமாகிவிடும், பிள்ளை மேய்ப்பனை விட்டுவிட்டு ஆட்டின் குற்றத்தையே நினைத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது, வழிதப்பும் ஆட்டின் காலை மேய்ப்பனே உடைத்துப் பிறகு தூக்கிச் சுமப்பான் என்ற பிரசங்கக் கதை. அது வேதாகமத்தில் எங்கும் கிடையாது. அடி வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது பயங்கரமான கதை. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, ‘அப்போ மத்த ஆடெல்லாம் பாவம் இல்லையா?’ என்று கேட்கும் பிள்ளையை அடக்கிவிடுவது. அது நல்ல கேள்வி. தம்பி தங்கை பிறந்து, தன் மேலிருந்த கவனம் குறைந்துபோன பிள்ளைகள் அதைக் கேட்பது உண்டு. ‘அந்தத் தொண்ணூற்றொன்பதுல எது காணாமப் போனாலும் அவர் இதே மாதிரி தேடிட்டுப் போவாரு’ என்று பதில் சொல்லுங்கள். சார்ட்டில் உள்ள வேறு ஓர் ஆட்டின் மேல் விரலை வைத்து, ‘இது போனாலும்?’ என்று கேளுங்கள். ‘போவாரு!’ என்பார்கள். நான்கைந்து ஆட்டுக்கு இப்படிக் கேட்டால் போதும்.

கைவேலைக்கு மஞ்சள் ஸ்மைலி வேண்டாம். ஒரு சாண் உயர மேய்ப்பன் உருவத்தை அட்டையில் முன்கூட்டியே வெட்டி, தோள்பட்டையில் 2 சென்டிமீட்டர் கீறல் போட்டுவையுங்கள். பிள்ளை சின்ன ஆட்டின் மேல் பஞ்சு ஒட்டி, அதைக் கீறலில் செருக வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு சிட்டிகைப் பஞ்சு போதும். கூடுதலாகக் கொடுத்தால் பாதி தரையில், மீதி தலையில். பசையை டப்பாவோடு நடுவில் வைக்காமல் காகிதத் துண்டில் ஒரு சொட்டு வைத்து இயர்பட் கொடுங்கள். நான்கு வயதுக்குக் கீழே என்றால் பசையை நீங்களே தடவிவிடுவது நல்லது. ஆட்டின் மறுபக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுங்கள். மேய்ப்பன் தோளில் தன் பெயர் இருப்பதை எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் வீட்டில் காட்டிச் சொல்லும்.

மனப்பாட வசனம்

‘கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்.’ ஆறு வயதுக்கு மேல் முழு வசனமும் முடியும். அதற்குக் கீழே முதல் பாதி, மூன்றே வார்த்தை. ஒரு வார்த்தைக்கு ஒரு செய்கை: ‘கர்த்தருக்குள்’ என்னும்போது இரு கைகளாலும் தன்னையே அணைத்துக்கொள்வது, ‘எப்பொழுதும்’ என்னும்போது கையைச் சுழற்றுவது, கடைசியில் கையை உயர்த்துவது. முதலில் டீச்சர் மட்டும், பிறகு எல்லாரும், பிறகு சத்தமில்லாமல் செய்கை மட்டும். அந்தச் சத்தமில்லாத சுற்றில் யாருக்கு வசனம் பதிந்தது என்று தெரிந்துவிடும்.

அவசரத்தில் முதலில் கழன்றுவிழுவது ‘கர்த்தருக்குள்’ என்ற வார்த்தைதான். அது போனால் மிஞ்சுவது ‘எப்பொழுதும் சந்தோஷமாக இரு’ என்ற மிரட்டல். மேய்ப்பன் தோளில் இருக்கும் ஆட்டைக் காட்டி, ‘மழை பெஞ்சாலும் அவர் தோள்லதான் இருக்கு, இருட்டினாலும் அவர் தோள்லதான் இருக்கு’ என்று சொல்லிக்கொடுங்கள். ‘எப்பொழுதும்’ என்பதற்கு இந்த வயதில் இதைவிட விளக்கம் தேவையில்லை.

ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இந்த வசனத்தை எழுதியவர் எங்கே இருந்தார் என்று சொல்ல வேண்டும். பவுல் அந்தக் கடிதத்தைக் கட்டப்பட்ட நிலையில் எழுதினார். அதே பிலிப்பி பட்டணத்தில் முன்பு அவரும் சீலாவும் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் பாடிய கதை அப்போஸ்தலர் 16-இல் இருக்கிறது. ‘அவங்களுக்கு வலிக்கவே இல்ல’ என்று சொல்லிவிடாதீர்கள். வலித்தது, சிறைச்சாலைக்காரன் அந்த இரவிலேயே அவர்களுடைய காயங்களைக் கழுவினான் என்று 33-ஆம் வசனம் சொல்கிறது. பாடியதால்தான் சிறைக் கதவு திறந்தது என்றும் முடித்துவிடாதீர்கள். வகுப்பில் ஒரு பிள்ளையின் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கலாம். ‘நான் சரியா பாடலையோ?’ என்று அது யோசிக்கத் தொடங்கிவிடும். கதவு திறக்கும் முன்பே பாடினார்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

இந்த வயதினருக்கு 13-ஆம் சங்கீதமும் நல்ல பாடம். ஆறே வசனம். ‘எதுவரைக்கும்’ என்ற முறையீட்டில் தொடங்கிப் பாட்டில் முடிகிறது. கடவுளிடம் குறை சொல்லலாம் என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தியாக இருக்கும். ஆபகூக் 3:17-18-இல் அத்திமரம் துளிர்க்காவிட்டாலும் திராட்சச்செடி பழுக்காவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று வருகிறது. அவற்றைக் கண்டிராத பிள்ளைகள் தங்கள் ஊர்க் கணக்கில் அந்த வசனத்தை எழுதட்டும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும் மே மாதம் அதன் நட்டநடுவில் வருகிறது. கரையோரச் சபைகளில் வீட்டில் காசு புரளாத அந்த நாட்களில், ‘படகு கரையிலேயே நின்றாலும்’ என்று ஒரு பிள்ளை எழுதினால், பாடம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அந்த நேரத்தில் புது டிரஸ்ஸும் பிறந்தநாள் கேக்கும் ‘சந்தோஷத்துக்கு’ உதாரணம் ஆக வேண்டாம். டிசம்பரிலும் அப்படியே. ‘கிறிஸ்மஸுக்கு என்ன டிரஸ் எடுத்தீங்க?’ என்று வகுப்பில் கேட்பதை அடியோடு நிறுத்துங்கள். இயேசு பிறந்த செய்தியான ‘மிகுந்த சந்தோஷத்தை’ முதலில் கேட்டவர்கள் இராத்திரியில் வயல்வெளியில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்கள்.

அழுகிற பிள்ளை

‘இயேசு பிள்ளை அழக்கூடாது’ என்பது அன்பாகச் சொல்லப்படும் வார்த்தைதான். ஆனாலும் அது தவறு. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் ‘இயேசு கண்ணீர் விட்டார்’ என்று யோவான் 11:35 சொல்கிறது. ‘அழுகிறவர்களுடனே அழுங்கள்’ என்று ரோமர் 12:15 சொல்கிறது. அழும் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, ‘அழுகை வருதா? இயேசப்பாவும் அழுதிருக்காரு. அக்கா இங்கயே இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே அங்கேயே இருங்கள். ‘தாத்தா பரலோகத்துல இருக்காங்க’ என்று சொல்லலாம். அதோடு ‘அதனால நீ அழாத’ என்பதைச் சேர்க்காதீர்கள்.

பாட்டுக்குக் கைதட்டாத பிள்ளையைக் கையைப் பிடித்துத் தட்ட வைக்க வேண்டாம். ‘இயேசுவை நேசிக்கிறவங்க மட்டும் குதிங்க’ என்று மைக்கில் சொல்வதும் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு ஸ்பீக்கர் சத்தமே தாங்காது. காதைப் பொத்தினால் சத்தத்தைக் குறையுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எப்போதும் சிரிக்க வேண்டும் என்று பழக்கப்பட்ட பிள்ளை, தன்னை யாராவது தவறாகத் தொட்டாலும் வெளியே சொல்லாது. வாராவாரம் பயம் அல்லது அழுகை முகத்தையே தொடும் பிள்ளை, குறிப்பிட்ட ஒரு பெரியவர் வந்ததும் ஒதுங்கும் பிள்ளை, திடீரென்று பேச்சு நின்றுபோன பிள்ளை: இவர்களைக் கவனியுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் அமைதியாகக் கேளுங்கள். பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு அன்றே எழுதிவையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தாலோ நடக்கும் என்று அஞ்சினாலோ காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவருக்கும் கடமை. ஆயரிடமோ கமிட்டியிடமோ சொன்னதோடு அது தீராது. குழந்தைகள் உதவி எண் 1098.

வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அன்றைக்குச் சந்தோஷமாக இருந்த ஒன்று, மனசுக்குக் கஷ்டமாக இருந்த ஒன்று, ஆளுக்கு இரண்டே வரி. அப்பா அம்மாவும் சொல்ல வேண்டும். பிள்ளையை மட்டும் சொல்லவைத்தால் நான்காம் நாள் அது விசாரணை ஆகிவிடும். ‘அண்ணன் அடிச்சான்’ என்று பிள்ளை சொன்னால், அந்த நேரத்திலேயே பஞ்சாயத்து வைக்காமல் அதையும் ஜெபத்தில் சேர்த்துவிட்டு, அண்ணனிடம் பிறகு தனியாகப் பேசுங்கள். ‘இது கர்த்தர் உண்டுபண்ணின நாள்’ என்ற சங்கீதம் 118:24-ஐ எல்லாரும் சேர்ந்து சொல்லி முடிக்கலாம். ஞாயிறு பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் ‘என்ன வசனம் படிச்ச, சொல்லு பார்ப்போம்’ என்று வண்டியில் ஏறும்போதே கேட்பதற்குப் பதில், கையில் உள்ள அட்டையைக் காட்டி ‘இது யாரு தோள்ல இருக்கு?’ என்று கேளுங்கள்.