மன்னர் பார்த்தது கடைசி நிமிடங்களை மட்டும்

தளம் போட்ட நாலாம் நாளே "எப்ப சார் சென்ட்ரிங் பிரிப்பாங்க?" என்று, கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகை, முட்டுகளைப் பற்றிக் கேட்கும் வீட்டுக்காரர்களுக்கு நான் மொபைலில் ஓர் ஓவியத்தைக் காட்டுவேன். பிரெஞ்சு ஓவியர் யூபேர் ரோபேர் வரைந்தது. பாரிஸில் கார்னவாலே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1772 செப்டம்பர் 22 அன்று, பாரிஸை ஒட்டிய நொய்யியில் சேன் ஆற்றின் மேல் புதிதாக எழுந்த கல்பாலத்தின் சென்ட்ரிங்கைச் சாய்த்த காட்சி அது. பதினைந்தாம் லூயி மன்னரே நேரில் வந்திருந்தார். கரையெல்லாம் கூட்டம். வளைவுகளைத் தாங்கி நின்ற மரச்சட்டங்கள் ஆற்றில் சரிகின்றன.

பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே நாளில் முடிந்த மாதிரி இருக்கும். உண்மையில் ஆபத்தான வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த தாங்குமரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வளைவுகள் தம் பாரத்தைத் தாமே ஏற்கும்படி செய்திருந்தார் பொறியாளர் பெரோனே. மன்னர் முன்னால் விழுந்தவை, பாரம் ஏதும் இல்லாத வெறும் சட்டங்கள்.

இவ்வளவு நிதானத்துக்குக் காரணம் இருந்தது. பாலத்தில் ஐந்து வளைவுகள், ஒவ்வொன்றும் சுமார் 39 மீட்டர். அந்தக் காலத்து வழக்கப்படி தூணின் கனம் வளைவு அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 8 மீட்டர் அளவுக்கு இருக்க வேண்டும். பெரோனே வைத்தது 4.2 மீட்டர்தான். பக்கத்து வளைவுகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளுவதால்தான் அந்த மெலிந்த தூண் நிற்கிறது. ஒரு வளைவை மட்டும் முதலில் விடுவித்தால் தூணே சாய்ந்துவிடும். ஐந்தும் சேர்ந்துதான் விடுபட வேண்டும். 1930-களில் இடிக்கப்படும்வரை அந்தப் பாலம் நின்றது.

நம் வீட்டுத் தளத்திலும் பிரிக்கும் முறையில்தான் உயிர் இருக்கிறது. இரண்டு பக்கமும் தாங்கல் உள்ள தளத்துக்கு நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு வர வேண்டும். பால்கனி, சன்ஷேடு போல வெளியே நீட்டியிருப்பதற்கு நேர்மாறு: நுனியில் நிற்கும் முட்டுக்கம்பத்தை முதலில் எடுத்து, உள்ளே வர வேண்டும். சுவரோரம் வசதியாக இருக்கிறதே என்று அங்கிருந்து ஆப்பைத் தட்டினால், நுனியில் மிச்சமிருக்கும் முட்டின் மேல் பால்கனி குறுக்கே படுத்துக்கொள்ளும். அதற்கான கம்பி அங்கே அடியில் கிடையாது. விரிசல் விழும், சில சமயம் ஆளோடு சேர்ந்து இறங்கும்.

முட்டு எத்தனை நாள் நிற்க வேண்டும் என்ற கணக்கை கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்கிறது: தாங்கல்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. இது ஓபிசி எனப்படும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு. இன்று பெரும்பாலும் வாங்குவது பிபிசி எனப்படும், சாம்பல் கலந்த சிமெண்ட். அது மெதுவாக வலுவடையும், ஆகவே இன்னும் சில நாள் விடுங்கள். முட்டு, தகடு எல்லாம் நாள் வாடகை என்பதால் மேஸ்திரி அவசரப்படுவார். அந்த வாடகையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போடும் அன்று கீழ்த்தளத்தின் முட்டு நிற்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். ஈரக் கான்கிரீட்டின் முழுப் பாரமும் அதன் மேல்தான் வந்து இறங்கும்.