பச்சைத் தேயிலை விலையும் ஸ்கிரேப்பியின் உள்கட்டமைப்பும்

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளுக்கான பச்சைத் தேயிலை விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. அந்த விலை குன்னூரில் வாரந்தோறும் நடக்கும் ஏலத்தின் போக்கைச் சார்ந்தது. மேட்டுப்பாளையம் மண்டிகளில் கேரட், உருளைக்கிழங்கு விலையோ நாளுக்கு நாள் மாறுகிறது. வெவ்வேறு இணையதளங்களில் வெவ்வேறு வடிவில் கிடக்கும் இத்தகைய விலைகளை ஒரே அட்டவணையாகத் திரட்ட, கோத்தகிரியில் ஒருவர் நிரல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்குச் சில வரிகளே போதும். பக்கங்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போதுதான், இணையப் பக்கங்களிலிருந்து தகவல் திரட்டும் நிரல்களுக்கு ஆயத்த அடித்தளமாக அமையும் ஸ்கிரேப்பி போன்ற சட்டகம் தேவைப்படுகிறது. பைத்தான் மொழியில் எழுதப்பட்டு 2008இல் வெளிவந்த இந்தத் திறமூலச் சட்டகத்தின் அமைப்பு, வேலையைச் சரியாகப் பிரிப்பது எப்படி என்பதற்கு நல்ல சான்று.

பக்கத்தைப் படித்து, எது விலை, அடுத்து எந்த முகவரிக்குச் செல்ல வேண்டும் என்று முடிவு செய்வது ஸ்பைடர். பக்கங்களைக் கேட்கும் கோரிக்கைகளை வரிசையில் காத்து வைப்பது ஷெட்யூலர். பக்கத்தைக் கொண்டுவருவது டவுன்லோடர். இவை ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதில்லை. எல்லாம் நடுவிலுள்ள என்ஜின் வழியாகவே நடக்கும். ஆகவே, ஓர் இணையதளம் தன் பக்க அமைப்பை மாற்றினால் ஸ்பைடரை மட்டும் திருத்தினால் போதும்.

இந்தப் பிரிவினைக்கு அடிப்படைக் காரணம் காத்திருப்பு. ஒரு பக்கத்தைப் பகுத்துப் படிக்கச் சில மில்லி விநாடிகள் போதும் என்றால், அது சர்வரிலிருந்து வந்து சேர அதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகலாம். ஒரு மேசைக்குத் தோசை வரும்வரை அடுப்படியிலேயே நிற்காமல், அதற்குள் மற்ற மேசைகளிலும் ஆர்டர் எடுத்துவிடும் ஓட்டல் பணியாளரைப் போல, டவுன்லோடர் ஒரு மறுமொழிக்குக் காத்திருக்கும் வேளையில் அடுத்தடுத்த கோரிக்கைகளை அனுப்பிவிடுகிறது. ட்விஸ்டெட் என்னும் பைத்தான் நிரல் நூலகம் இதை இயலச் செய்கிறது. இயல்பு அமைப்பில் ஒரே நேரத்தில் 16 கோரிக்கைகள் வரை நிலுவையில் இருக்கலாம். ஒரே தளத்துக்கு 8 வரை.

பக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுவதால், போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகும் ஆபத்தும் உண்டு. முகவரியில் மாதம் முன்னும் வட்டம் (தாலுகா) பின்னும் வந்தாலும், வட்டம் முன்னும் மாதம் பின்னும் வந்தாலும் கிடைப்பது பெரும்பாலும் ஒரே பக்கம்தான். எனவே சட்டகம் முதலில் அந்த உறுப்புகளை அகரவரிசைப்படுத்தி, பிறகு கோரிக்கைக்கு 20 பைட் அளவுள்ள ஒரு கைரேகையை, அதாவது அடையாளக் குறியை, கணக்கிடுகிறது. அதே கைரேகை ஏற்கெனவே பதிவாகியிருந்தால் கோரிக்கை கைவிடப்படும். வரிசையையும் இந்தக் கைரேகைகளையும் கணினியின் வட்டில் (டிஸ்க்) சேமிக்கச் சொல்லலாம் என்பது, தென்மேற்குப் பருவமழையில் மின்சாரமும் இணையமும் அடிக்கடி அறுந்துபோகும் மஞ்சூர், குந்தா பக்கம் பெரிய உதவி: முறையாக நிறுத்திவைத்த ஓட்டத்தை, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

எடுத்த விலை, அதைச் சீராக்கிச் சரிபார்க்கும் பைப்லைனுக்குப் போகிறது. "ரூ.18.50" என்ற எழுத்து அங்கே எண்ணாக மாறும், புள்ளி விடுபட்டு 1850 என்று வந்தால், நாம் எழுதிவைத்த விதி அதைத் தள்ளிவிடும்.

என் மதிப்பில், சட்டகத்தின் தரத்தைக் காட்டும் பகுதி என்ஜினுக்கும் டவுன்லோடருக்கும் இடையே நின்று கோரிக்கைகளையும் மறுமொழிகளையும் கவனிக்கும் மிடில்வேர். நிரல்கள் எந்தப் பக்கங்களை எடுக்கலாம் என்று தளம் அறிவிக்கும் ரோபாட்ஸ் கோப்பை (robots.txt) மதிக்கும்படி அமைத்திருந்தால், தளத்தின் உரிமையாளர் விலக்கிய பக்கங்களுக்கான கோரிக்கைகள் இங்கேயே தடுக்கப்படும். தற்காலிகப் பிழையால் கிடைக்காத பக்கம் மீண்டும் கேட்கப்படுவதும் இங்கேதான். வேகத்தைத் தானே சரிசெய்யும் வசதியைத் தனி நீட்சியாக (எக்ஸ்டென்ஷன்) சேர்த்திருக்கிறார்கள்: சர்வர் பதில் தரத் தாமதித்தால் கோரிக்கைகளுக்கிடையேயான இடைவெளி கூடும், விரைந்து தந்தால் குறையும். ஆனால், திணறும் சர்வர் பிழைச் செய்தியை மட்டும் சட்டென்று அனுப்பிவிடக்கூடும். அதை நலமென்று எண்ணி வேகத்தைக் கூட்டிவிடாதபடி, பிழையான மறுமொழிகள் இடைவெளியைக் குறைக்க அனுமதிக்கப்படுவதில்லை.