வயிற்றுப்போக்கு பரவும்போது எம்.எல்.ஏ. அலுவலகம் மக்களுக்குச் சொல்ல வேண்டியது

ஒரே தெருவில் நாலு வீட்டில் வயிற்றுப்போக்கு என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியும் முன்பே எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போன் வந்துவிடுவதுண்டு. "குழாய்த் தண்ணில சாக்கடை நாத்தம் அடிக்குது" என்று மக்கள் முதலில் முறையிடும் இடங்களில் அதுவும் ஒன்று. அன்று மாலைக்குள் அந்த அலுவலகம் என்ன சொல்கிறது என்பது பல உயிர்களைக் காக்கும்.

பல இடங்களில் நடக்கும் முதல் தவறு, "ரிசல்ட் வரட்டும், பிறகு சொல்லலாம்" என்று காத்திருப்பது. மல மாதிரியைக் கல்ச்சர் செய்து (ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்து) காலராவா என்று உறுதிசெய்ய இரண்டு நாளாவது ஆகும். கடுமையான காலராவோ சில மணி நேரத்திலேயே உடலின் நீரை வற்றவைத்து ஆளைக் கொன்றுவிடும். காலராவோ வேறு வயிற்றுப்போக்கோ, மக்கள் முதல் நாளில் செய்ய வேண்டியது ஒரே மாதிரிதான். ஆகவே நோயின் பெயருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அதேபோல "காலரா இல்லவே இல்லை, எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்று அவசரப்பட்டு அறிவிக்கவும் கூடாது. காரைக்காலில் காலரா பரவியபோது 2022 ஜூலை 3 அன்று பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. முதல் நாள் மறுத்துவிட்டு மூன்றாம் நாள் ஒப்புக்கொள்ளும் பிரதிநிதியின் பேச்சை நான்காம் நாள் யாரும் கேட்கமாட்டார்கள்.

நோயாளிகளின் எண்ணிக்கையை மாவட்ட சுகாதார அலுவலரோ ஆட்சியரோ மட்டுமே சொல்லட்டும். எம்.எல்.ஏ. அதைத் திருப்பிச் சொன்னால் போதும். அவருடைய வேலை, எந்தத் தெரு, எந்தத் தொட்டி, எத்தனை மணிக்கு என்பதைத் துல்லியமாகச் சொல்வது. வட்டார மருத்துவ அலுவலரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு இப்படி அனுப்பலாம்:

"12ஆம் தேதி, மாலை 6 மணி நிலவரம். பள்ளிக்கூடத் தெரு மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் ஏழு தெருக்களுக்கு மட்டும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்க வேண்டாம், பல் துலக்கவும் வேண்டாம். லாரித் தண்ணீர் நாளை காலை 6 மணிக்குக் கோயில் முனையில். காய்ச்சல், வாந்தி, பேதிக்கு முகாம் சமுதாயக் கூடத்தில், 24 மணி நேரமும். அவசரத்துக்கு 108, சந்தேகம் கேட்க 104. என்ன கிருமி என்று இன்னும் தெரியவில்லை. அடுத்த தகவல் நாளை மாலை 6 மணிக்கு."

தேதியும் நேரமும் முதல் வரியில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் அதே செய்தி பத்து நாள் சுற்றி, பழைய முகாமைத் தேடி நோயாளியை அலையவிடும். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக இதையே ஒரு நிமிடத்துக்குள் குரல் பதிவாக அனுப்புங்கள், மைக் கட்டிய ஆட்டோவிலும் ஒலிக்க விடுங்கள். தலைவர் படமும் கட்சி நிறமும் வேண்டாம். மாற்றுக் கட்சிக்காரர் வீட்டுக் குழந்தையும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது. நோயாளியின் பெயரோ வீட்டு எண்ணோ வரக் கூடாது. ஒரு குடியிருப்பின் பெயரைச் சொல்லி "அங்கிருந்துதான் பரவியது" என்பதும் கூடாது. தொட்டியையும் குழாயையும் சொன்னால் போதும்.

ஓ.ஆர்.எஸ். (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) பற்றிச் சொல்லும்போது அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். வழக்கமான பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குப் பாதிப் பொட்டலம் போட்டால் உப்பு மிஞ்சிக் குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறை பேதியானதும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும். பொட்டலம் கிடைக்கும் வரை ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மெடிக்கலில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. கண் குழிவிழுந்தால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், குடிக்க முடியாமல் துவண்டால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

அதிகாரிகளிடம் எம்.எல்.ஏ. கேட்க வேண்டிய கேள்வி "குளோரின் போட்டாச்சா?" என்பதல்ல. "கடைசி வீட்டுக் குழாயில் எவ்வளவு இருக்கிறது?" என்பதே. தொட்டியில் போட்டதெல்லாம் வழியிலேயே தீர்ந்துபோகலாம். மூட்டை பிரித்து ஈரத்தில் கிடந்த பிளீச்சிங் பவுடரில் வீரியமே இருக்காது. கடைக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும், நோய் பரவும் நாட்களில் 0.5 இருப்பது நல்லது. அந்த எண்ணைத் தினமும் மாலைச் செய்தியில் சேர்த்தால் மக்களும் பார்த்துக்கொள்வார்கள், சோதிக்கிறவர்களும் தவறாமல் சோதிப்பார்கள்.

ஓட்டுக்குப் பயந்து பெரும்பாலோர் சொல்லத் தயங்குவது ஒன்று உண்டு: குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பது. தண்ணீர் விட்டுவிட்டு வரும் ஊரில் நின்ற நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறையும். மோட்டார் இழுக்கும்போது வெடிப்பு வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே புகும். இதை எம்.எல்.ஏ.வே தன் குரலில் சொன்னால்தான் நாலு வீடாவது மோட்டாரைக் கழற்றும்.

வருகிற போன் அழைப்புகளையும் வீணாக்கக் கூடாது. நேர்முக உதவியாளர் ஒரு நோட்டில் நேரம், தெரு, வீட்டில் எத்தனை பேருக்கு, வயது, குடிப்பது குழாயா லாரியா கேனா, எப்போது தொடங்கியது என்று குறித்துக் காலையும் மாலையும் வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்ப வேண்டும். ஒரே தெருவிலிருந்து மூன்று வீடு சொன்னால் மாலை வரை காத்திராமல் உடனே.

குழாயைச் சரிசெய்த அன்றே "இனி பயமில்லை" என்று அறிவிக்க வேண்டாம். காலரா கிருமி உடலில் புகுந்து ஐந்து நாள் வரை கழித்தும் நோயைக் காட்டலாம். கடைசி நோயாளிக்குப் பின் பத்து நாள் புதிதாக யாருக்கும் வராமல், கடைக்கோடிக் குழாயின் குளோரினும் சரியாக இருந்து, சுகாதாரத் துறை எழுத்தில் சொன்ன பிறகே கொதிக்கவைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அதையும் தேதி, நேரம் போட்டு, அதே ஏழு தெருக்களின் பெயரோடு.